நாற்பத்தொன்றாம் டோக்கன்

நேற்று திருவள்ளூர் ஸ்டேஷன் வாசலில் பஜ்ஜிக் கடைக்காரன் யாருடனோ பேசிக்கொண்டே வாணலியைத் தீப்பிடிக்க விட்டுவிட்டான். தட்டைப் போட்டு மூடி அணைத்துவிட்டுச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கருகிய எண்ணெய் நாற்றம் மூக்கில் ஏறியதும் அங்கிருந்த சைக்கிள் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உன் காரியம் முடிந்து பத்து நாள்தான் ஆகிறது. பத்து நாளும் தள்ளிப்போட்ட கடிதத்தை எழுத அந்த நாற்றம் வரவேண்டியிருந்தது, மச்சான்.

எழுபதுகளின் நடுவில் காக்களூர்ப் பட்டறைக்கு நீ வந்து சேர்ந்தபோது, "பந்து விளையாடறவனாம், எத்தனை நாளைக்கோ" என்று முதலில் கேலி செய்தவன் நான்தான். கல்கத்தாவில் ஒரு கால்பந்து கிளப் உன்னை ஒரு வருஷ ஒப்பந்தத்தில் கூட்டிப்போய், முக்கால்வாசி ஆட்டங்களில் பெஞ்சிலேயே உட்கார வைத்துத் திருப்பி அனுப்பியிருந்தது. அடுத்த ஒப்பந்தம் வரும்வரைக்கும் என்று சொல்லிக்கொண்டு, சிவக்கக் காய்ச்சிய இரும்பை எண்ணெய்த் தொட்டியில் முக்கும் வேலையை என் பக்கத்தில் நின்று செய்தாய். பகல் சாப்பாட்டு மணி அடித்தால் மற்றவர்கள் தூக்கைத் திறப்பார்கள். நீ பட்டறையைச் சுற்றி ஓடுவாய். அந்த ஓட்டத்தைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக இருக்கும். எங்களுக்கெல்லாம் அதுதான் வாழ்க்கை, உனக்கு மட்டும் அது காத்திருக்கும் அறை என்பதுபோல் ஓடினாய்.

கோவாவிலிருந்து ஒரு கிளப்பின் செயலாளர் ஆள் பொறுக்க மெட்ராஸுக்கு வருகிறார் என்று உனக்குச் சேதி வந்தது. ஒரே ஒரு ஆட்டம், அதுவும் வேலை நாளில். ஏற்கெனவே மூன்று முறை லீவு எடுத்துவிட்டாய். இன்னொரு நாள் வராவிட்டால் கணக்கை முடித்துக்கொண்டு போகலாம் என்று மானேஜர் சொல்லியிருந்தார்.

"இத்த உட்டா ஆயுசுக்கும் இந்த எண்ணெத் தொட்டிதான்டா. ஒரு நாள், ஒரே ஒரு நாள் பாத்துக்கோ" என்றாய்.

"மாட்னா எனக்கும்தான் சீட்டு கிழியும். அடுத்த மாசம் பர்மனென்ட் ஆவப்போறேன்."

"பின்னால நிக்கிற லெஃப்ட் பேக்க எவன்டா பாக்கறான்? எல்லாரும் பந்து இருக்கிற பக்கம்தான் பாத்துக்கினு இருப்பாங்க. நான் இல்லாதது ஒருத்தனுக்கும் தெரியாது."

உனக்கு நினைவிருக்கும், காலையில் வாசல் பலகையிலிருந்து நம் நம்பர் போட்ட பித்தளை டோக்கனை எடுத்துப் பெட்டிக்குள் போடவேண்டும். டோக்கன் விழுந்தால் ஆள் வந்தாயிற்று. டைம்கீப்பர் முகத்தைப் பார்க்கமாட்டார், டோக்கனைத்தான் எண்ணுவார். அன்று என் முப்பத்தெட்டோடு உன் நாற்பத்தொன்றையும் சேர்த்துப் போட்டேன். எங்கள் மேஸ்திரி கன்னியப்பன் நீ எங்கே என்று கேட்டபோது, நாம் பேசி வைத்திருந்தபடியே, "பின்னால பேக்கிங் ஷெட்டுக்கு அனுப்பிக்கிறாங்க" என்றேன். நம்பினார். நம்பும் மனிதர்தான் அவர்.

மூன்று மணி இருக்கும். தொட்டி எண்ணெய் சூடேறிக் குப்பென்று பற்றியது. தகரக் கூரைவரை தீ. எல்லோரும் வாசலுக்கு ஓடினோம். டைம்கீப்பர் டோக்கன் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து, ஒவ்வொரு நம்பராகக் கூப்பிட ஆரம்பித்தார். முப்பத்தெட்டு என்றார். இருக்கேன் என்றேன். முப்பத்தொன்பது, நாற்பது. அடுத்து வரப்போவது எனக்குத் தெரியும்.

"நாப்பத்தொண்ணு! யோவ், நாப்பத்தொண்ணு எங்கய்யா?"

"ஐயோ, பேக்கிங் ஷெட்டுல இருக்கான்யா! கூரை எறங்குச்சின்னா வெளிய வர முடியாது" என்று கத்தினார் கன்னியப்பன்.

வாசலில் தண்ணீர்த் தொட்டி இருந்தது. அவர் ஒரு கோணிச் சாக்கை எடுத்தார். தொட்டியில் முக்கினார். ஒரு பக்கம் நனையவில்லை என்று திருப்பி முக்கினார். தலையில் போர்த்தி, முனையைப் பல்லில் கடித்துக்கொண்டார். பக்கத்தில்தான் நின்றேன், கை நீட்டினால் தொட்டுவிடலாம். என் மனதில் ஓடியது பர்மனென்ட் ஒன்றுதான், வெட்கமில்லாமல் எழுதுகிறேன். யாராவது அவரைத் தடுப்பார்கள் என்று பார்த்தேன். யாரும் தடுக்கவில்லை. அவர் புகைக்குள் போய், உன் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் குரல் கேட்ட பிறகுதான் என் வாய் திறந்தது.

"அவன் உள்ள இல்ல! வெளிய வாங்க, அவன் இல்ல!"

நான்கு பேர் போய் இழுத்து வந்தார்கள். உயிர் தங்கியது. இரண்டு கைகளும் முழங்கைவரை வெந்துவிட்டன.

அன்று மாலை ரயிலில் நீ சிராய்த்த முட்டியோடு இறங்கி, "வரச் சொல்ட்டாங்கடா! இருபது நாள்ல போய்க் கையெழுத்து போடணும்" என்று என்னைத் தூக்கிச் சுற்றினாய். கீழே இறக்கு என்று சொல்லி, நடந்ததைச் சொன்னேன். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாய்.

"அவரு உள்ள போறதுக்கு மின்னாடியே சொன்னியா?"

"சொன்னேன்டா. கூச்சல்ல அவரு காதுல உழல."

தலையாட்டினாய். "செரி. டோக்கன நானே போட்டுட்டு செவுரு ஏறிப் போனேன்னு சொல்லிக்கிறேன். நீ வாயத் தொறக்காத. ரெண்டு பேரும் ஏன் போவணும்?"

மறுநாள் மானேஜரிடம் அப்படியே சொன்னாய், வேலை போயிற்று. பேக்கிங் ஷெட் பொய் சொன்னது யார் என்று கன்னியப்பன் யாரிடமும் மூச்சு விடவில்லை. நான் பர்மனென்ட் ஆனேன். நீ மெட்ராஸ் பெரியாஸ்பத்திரிக்குப் போய், கட்டுப்போட்ட கையோடு கிடந்தவருக்குச் சோறு ஊட்டினாய். இருபதாம் நாளும் அங்கேதான் இருந்தாய். "கெளம்புடா" என்று நான் வந்து சொன்னபோது, "என்னத் தேடிப் போய்தான வெந்தாரு, அவர உட்டுட்டு எப்டி ஓடறது?" என்றாய். கோவாவுக்கு வேறொரு பையன் போனான். அதற்குப்பின் நீ பந்தைத் தொட்டு நான் பார்க்கவில்லை. கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனி வாசலில் காவல் வேலை பார்த்துக் கிழவனானாய்.

அந்தச் சாக்கு நனைந்த நேரத்தை நான் எத்தனையோ முறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். ஒரு முறை முக்கி, திருப்பி முக்கி, போர்த்தி, பல்லில் கடித்து. 'அவன் உள்ளே இல்லை' என்று பத்துத் தடவை சொல்லலாம். சொல்லியிருந்தால் உனக்கும் எனக்கும் வேலை போயிருக்கும், அவ்வளவுதான். அவர் கை பிழைத்திருக்கும். நீ கோவாவுக்கு ரயில் ஏறியிருப்பாய்.

அவர் வெந்தது உன்னால் என்றே நம்பிச் செத்துப்போனாய். என்னால்தான், மச்சான். நீ இருக்கும்போது சொல்லியிருந்தால் என்னை அடித்திருப்பாய். அந்த ஓர் அடிக்குப் பயந்து உன் ஆயுசு முழுக்கப் பேசாமல் இருந்துவிட்டேன். இப்போது அடிக்க ஆளில்லை.