கறுத்துப்போன குங்குமம்

அன்புள்ள தனலெட்சுமிக்கு,

உன் குங்குமத்தைக் கரியாக்கிவிட்டேன். பதறாதே, டோஹாவில் நான் உயிரோடு, தொந்தியோடு நலம். உன் முழங்கால் வலி எப்படி?

பதுளை ஸ்டேஷனில் நீ என்னை வழியனுப்பியபோது நிஷாந்த் எடுத்த படம் ஊர்ப்பையன் ஒருவன் கையில் பென் டிரைவில் வந்தது. உன் கண்கள் சிவந்திருந்தன. பிளாஷ் பட்டால் அப்படித்தான், கம்ப்யூட்டரில் சிவப்பைக் கறுப்பாக்கிச் சரிசெய்யலாம் என்றான் என் அறைக்காரன், அப்புத்தளை இராசையா. நானும் பெரிய நிபுணன்போல உன் முகம் முழுக்கக் கட்டம் இழுத்துப் பொத்தானை அமுக்கினேன். கண்ணோடு நெற்றிக் குங்குமமும் கறுத்தது.

"யோவ், நீ உசுரோட இருக்கிறப்பவே இப்படிப் பண்ணிட்டியே!" என்று இராசையா கத்தினான். அறையே சிரித்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. அதை அப்படியே சேமித்தும் தொலைத்துவிட்டேன். நிஷாந்திடமும் வேறு பிரதி இல்லையாம்.

புதிதாக ஒரு படம் எடுத்து அனுப்பு. கொஞ்சம் இஞ்சிப் பொடியும். வேலைக்குப் போகிற பஸ் ஹார்ன் அடிக்கிறது.

உன்
முத்துக்குமார்

பி.கு.: இந்தத் தடவை பிளாஷ் போடாதே என்று நிஷாந்திடம் போனில் சொன்னேன். "அன்னைக்கு நல்ல வெயில் மாமா, பிளாஷே போடல" என்கிறான்.