மோட்டார் படம் பார்த்த குற்றம்

கருங்கல்,
1932 ஆகஸ்ட் 23.

கர்த்தருக்குள் பிரியமுள்ள தம்பி குமாரதாஸுக்கு, உன் அக்காள் சத்தியபாய் எழுதுவது. இங்கே அம்மைக்கும் எனக்கும் சரீர சுகத்துக்குக் குறைவில்லை. உன் இருமல் விட்டதா? சென்னைக் கடல்காற்றில் தலையைக் காட்டிக்கொண்டு நிற்காதே.

உன் கடிதம் வந்தது. சபைக் கமிட்டி கேட்கிறபடி மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிடு, இல்லாவிட்டால் உனக்காக நானே போதகருக்கு எழுதுகிறேன் என்கிறாய். நடந்தது முழுவதும் உனக்குத் தெரியாது. முதலிலிருந்தே சொல்கிறேன்.

ஜூலையில் சந்தைக்குப் பின்னால் படக்காரர்கள் கூடாரம் அடித்தார்கள். உன் பத்திரிகையில் நீ கிழித்துத் தொங்கவிட்டாயே, அதே மோட்டார் படம். சாயங்காலம் முதல் ஆட்டத்துக்குப் போனேன். நடுவில் துணி கட்டி ஒரு பக்கம் ஆண்கள், மறுபக்கம் பெண்கள். என் அருகில் இனயத்திலிருந்து மீன் கொண்டுவரும் செசிலி, வெறும் ஓலைக்கடவப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். பேசாத படம்; இடையிடையே எழுத்துதான் வரும். அதை வாசித்துச் சொல்லும் ஆள் ஆண்கள் பக்கம் நின்றான். கொட்டுச் சத்தத்தில் அவன் சொன்னது ஒன்றும் எங்களுக்குக் கேட்கவில்லை. செசிலி என் தோளைத் தட்டி, "டீச்சரம்மா, எழுத்து என்ன சொல்லுகு? ஒண்ணு வாசிங்க" என்றாள்.

வாசித்தேன். முதலில் உட்கார்ந்தபடி மெதுவாக. பிறகு எழுந்து நின்று. குற்றமில்லாத தகப்பனைத் தூக்கில் போடப் போகிறார்கள். மகள் கையில் விடுதலை உத்தரவு. அவளைத் துஷ்டர்கள் துரத்துகிறார்கள். அவள் தானே மோட்டாரை ஓட்டுகிறாள், குமாரதாஸ். பக்கத்தில் ஆண் துணை கிடையாது. 'அப்பா, வருகிறேன்' என்று எழுத்து வந்தபோது நான் வாசித்தது சந்தை வரைக்கும் கேட்டதாம். தலைச்சுமையோடு நடந்து நடந்து கால் தேய்ந்த பெண்கள் அத்தனை பேரும், "விடாத மக்கா, விடாத!" என்று தரையைத் தட்டினார்கள். நானும் தட்டினேன்.

கதை இல்லை, புழுதிதான் மிச்சம் என்று எழுதினாய். வாஸ்தவம். ஒரே பனைமரம் நான்கு தடவை கடந்து போனதை நானும் எண்ணினேன். பாலத்திலிருந்து விழுந்து நொறுங்கிய வண்டி அடுத்த நிமிஷம் முழுசாக வந்து நின்றது. துஷ்டனுக்கு மீசை ஒரு பக்கம் தொங்கியது. எல்லாம் தெரிந்துதான் ரசித்தேன். மறுபடியும் போனேன். அதற்கு மேலும் ஒரு தடவை போனேன்.

ஆனால் 'மூளையை வீட்டில் வைத்துவிட்டு வருகிறவர்களுக்கான படம், குடும்பப் பெண்கள் காணத் தகாதது' என்றும் எழுதினாய். அந்த வரியைத்தான் உபதேசியார் ஞானதாசன் கமிட்டியில் எழுந்து நின்று வாசித்தார். அந்தப் பத்திரிகை அவருக்கு எப்படிக் கிடைத்தது தெரியுமா? என் தம்பி எழுதியது என்று பெருமையோடு அவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தவள் நான்தான். "ஒனக்கச் சொந்தத் தம்பியே எழுதியிருக்கான். இனி நீ என்ன சொல்லப்போற?" என்று கேட்டார்.

"என் தம்பி படத்தைப் பார்த்தான். செசிலியைப் பார்க்கவில்லை" என்றேன். எழுத்தறியாதவர்களுக்கு வாசித்துச் சொன்னது குற்றமென்றால், வேதபுத்தகத்தையும் இனி யாருக்கும் வாசித்துக் காட்ட வேண்டாமா என்றும் கேட்டேன். மிஷன் பள்ளி உபாத்தியாயினி கூடாரத்தில் நின்று கூச்சலிட்டது சபைக்கு இழுக்கு என்று முடிவு செய்து, மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட ஞாயிற்றுக்கிழமை வரை தவணை கொடுத்தார்கள். சனிக்கிழமை கடைசி ஆட்டம் என்றார்கள். போய் உட்கார்ந்து வாசித்தேன். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் காகிதத்தைக் கையெழுத்தில்லாமல் போதகரிடம் திருப்பிக் கொடுத்தேன். திங்கட்கிழமை என் நாற்காலியில் வேறொருத்தி இருந்தாள். பதினோரு வருஷம், தம்பி. வழியில் காண்கிற பிள்ளைகள் எனக்கு ஸ்தோத்திரம் சொல்லப் பயப்படுகிறார்கள். அது ஒன்றுதான் தாங்கவில்லை.

அம்மை இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் மரச்சீனிக் கிழங்கு வெட்டிக்கொண்டே, முகத்தை நிமிர்த்தாமல், "அந்தப் பொண்ணு நேரத்துக்குப் போய்ச் சேந்தாளா, இல்லியா?" என்று கேட்டாள். சேர்ந்தாள் என்றேன். "தகப்பனக் கொல்லல்லியே?" இல்லை என்றேன். "அதானே" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். அதற்குப் பிறகு அழவில்லை.

உன் கருத்தை மாற்றிக்கொள் என்று நான் கேட்கவில்லை. உனக்குப் பிடிக்காத படத்தைப் பிடிக்கவில்லை என்றே எழுது. ஆனால் என் பேரில் யாரிடமும் மன்னிப்புக் கேட்காதே. ஒரு வரி போதகருக்கு எழுதினாலும், நான் செய்யாத குற்றத்தை நீ ஒத்துக்கொண்டதாக ஆகும்.

கிறிஸ்துமஸுக்குத் தவறாமல் வா. ஆலயத்துக்கு இப்போது அம்மையும் நானும் தனியாகத்தான் போகிறோம். வழியில் யாரும் சேர்ந்து வருவதில்லை. நீ வந்து நடுரோட்டில் என்னோடு நடந்து வா. வேறொன்றும் வேண்டாம்.

உன்னையும் உன் பேனாவையும் தேவன் காக்கட்டும்.

இப்படிக்கு,
உன்மேல் கோபமுள்ள, உன்னை நினைக்காத நாளில்லாத அக்காள்,
சத்தியபாய்