பின்னறை ஜன்னலில் இரண்டு பூ

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், முழங்கால் மட்டும் நான் சொன்னபடி கேட்பதில்லை, அதுவும் உன்னைப் போலத்தான். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நல்லபடியாக இருந்தால் எனக்கு அது போதும். பட்டாளத்துச் சங்கத்தில் அப்பாவின் முதலாண்டு நினைவுக்கு ஒரு மலர் அச்சடிக்கிறார்கள், அவர் வாழ்க்கையை ஒரு பக்கம் எழுதியனுப்பு, நான் அழகாகத் திருத்திக் கொடுத்துவிடுகிறேன் என்றாய். மூன்று தலைப்பையும் நீயே வைத்துவிட்டாய், நாட்டைக் காத்தவர், தொழிலில் கெட்டிக்காரர், குடும்பத்துக்காகவே வாழ்ந்தவர் என்று. முதல் இரண்டையும் ஒரே மூச்சில் எழுதிவிட்டேன். மூன்றாவதில் வந்து பத்து நாளாக உட்கார்ந்திருக்கிறேன். ஏன் என்று போனில் சொல்ல மாட்டேன், நீ நடுவில் புகுந்து என்னைச் சமாதானப்படுத்திவிடுவாய். அதனால்தான் கடிதம்.

பத்தொன்பது வயதில் பட்டாளத்தில் சேர்ந்தார், பதினோரு வருஷம் இருந்தார். எல்லையில் ஒரு சண்டையில் நாலு பேர் இருந்த காவலறையின் வாசல் இடிந்து அடைத்துக்கொண்டதாம், இரண்டு நாள் உள்ளே கிடந்து, சுவரைத் தகரக் கரண்டியால் சுரண்டி வெளியே வந்தவர் இவர் ஒருவர்தான். இதை அவர் என்னிடம் சொன்னதே இல்லை. சாவுக்கு வந்த பழைய சிநேகிதர் சொல்லித்தான் எனக்குத் தெரியும், முப்பத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்தவளுக்குக் கடைசியாக வந்த செய்தி அது. பிறகு வெல்டிங் பட்டறை வைத்தார், இந்தத் தெருவில் பாதி ஜன்னல் அவர் போட்டதுதான். கம்பிகள் சேரும் இடத்திலெல்லாம் ஐந்து இதழில் ஒரு இரும்புப் பூ வைப்பார். எதற்கு இந்த வெட்டி வேலை என்று கேட்டால், வெறும் கம்பின்னா ஜெயில் மாதிரி இருக்கும் என்பார். நம் வீட்டுக்குப் போட்ட கம்பிதான் எல்லாவற்றிலும் கனம்.

குடும்பத்துக்காக வாழ்ந்தார், அதில் சந்தேகமே இல்லை. உன் பள்ளிக்கூடச் சட்டையை அவர் தேய்த்தால் மடிப்பில் விரலை வைக்கப் பயமாக இருக்கும். எனக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சியை அவரே ஊதி ஆற்றித்தான் கொடுப்பார். சாயங்காலம் ஆறு மணிக்கு எல்லாரும் உள்ளேதானே என்று ஏதோ முப்பது பேர் இருக்கிற மாதிரி ஒரு குரல் கொடுப்பார், இருந்ததே மூன்று பேர். ஆனால் காலையில் பட்டறைக்குப் போகும்போது முன்வாசலை வெளியே பூட்டிக்கொண்டு போவார், மத்தியானம் சாப்பிட வந்து திறப்பார், காலம் கெட்டுக் கிடக்கு என்பார். அக்கா வீட்டுக்குத் தனியாகப் போய்வருகிறேன் என்று ஒரே ஒரு முறை கேட்டேன். கத்தவில்லை, அன்றைக்கு முழுக்கச் சாப்பிடாமல் இருந்தார். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். உனக்கென்ன, உன் புருஷன் உன்னைத் தரையில் விடாமல் தாங்குகிறார் என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் தலையாட்டினேன், கால் தரையில் படாதவள் நடப்பது எப்படி என்று யாரிடம் கேட்பது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன், பதறாதே. போன மாதம் ராத்திரி நானே உள்ளேயிருந்து பூட்டிய முன்வாசலைக் காலையில் திறக்கும்போது பூட்டில் சாவி ஒடிந்துபோய்விட்டது, நான் உள்ளே. காலை எட்டிலிருந்து மூன்று மணி வரைக்கும் ஜன்னல் ஜன்னலாகப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், பக்கத்து வீட்டுக்காரி கம்பி வழியாகத் தண்ணீர் கொடுத்தாள். கடைசியில் அடுத்த தெரு வெல்டிங்காரரைக் கூட்டி வந்தார்கள், அப்பா ஒட்டுவேலை என்று பட்டப்பெயர் வைத்துக் கேலி பண்ணுவாரே, அவரேதான். அவர் பூட்டை அறுத்த கையோடு, பின்னறை ஜன்னல் கம்பியையும் ஒரு நாள் வந்து வெட்டிவிடுங்கள், இந்த வீட்டில் எனக்கு இன்னொரு வழி வேண்டும் என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை. கேட்டால் அப்பா கையால் செய்தது என்பாய்.

போன வாரம் மிஷினோடு வந்தார். கம்பியைத் தடவிப் பார்த்தார், சிரித்தார், மிஷினைக் கீழே வைத்துவிட்டு ஓரத்தில் மேலும் கீழுமாக இருந்த இரண்டு பூவைப் பிடித்துக் கையாலேயே திருகினார். திருகாணி கழன்று வருவது போல வந்தது. கம்பி முழுதும் கதவு மாதிரி திறந்துகொண்டது. அவர் போட்ட எல்லா வீட்லயும் ஒரு ஜன்னல் இப்படித்தாங்க்கா, வீட்டுக்காரங்களக் கூப்பிட்டுக் காட்டிட்டுத்தான் கிளம்புவாரு, உங்களுக்குத் தெரியாதா என்றார். எனக்குத் தெரியாது. அந்தப் பூவை வாரத்துக்கு ஒரு முறை துணியால் துடைத்தவள் நான். வெல்டிங்காரர் விடவில்லை, இது பல தடவ கழட்டி மாட்டினது, திருகுற மரை தேஞ்சிருக்கு பாருங்க, கிரீஸ்கூட வச்சிருக்காரு மனுஷன் என்றார்.

அது உன் அறை. உன்னை வேலைக்கு நேர்காணலுக்கு வரச்சொன்ன நாள் ஞாபகம் இருக்கிறதா. அவ்வளவு தூரம் அனுப்ப முடியாது என்று அப்பா சொல்லிவிட்டு வழக்கம்போல் பூட்டிக்கொண்டு போனார். நீ அறையைத் தாழ் போட்டுக்கொண்டாய், கூப்பிட்டால் பதில் இல்லை. நீ உள்ளே அழுகிறாய் என்று நான் கதவுக்கு வெளியே உட்கார்ந்து மத்தியானம் வரை அழுதேன், சாயங்காலம்தான் நீ தாழைத் திறந்தாய். ஆளில்லாத அறைக்கு முன்னால் அழுதிருக்கிறேன். மூன்று வாரம் கழித்து வேலைக்கு உத்தரவு வந்தது, மார்க்கைப் பார்த்தே எடுத்துக்கிட்டாங்கம்மா என்றாய், அவர் செய்தித்தாளைப் புரட்டினார். அவர்தான் உனக்குக் காட்டியிருக்க வேண்டும், அவர்தான் கிரீஸ் வைத்திருக்க வேண்டும். தெருவுக்கே காட்டினார், உனக்குக் காட்டினார், எனக்குக் காட்டவில்லை. சொன்னால் போய்விடுவேன் என்று பயந்தாரோ என்னவோ. எங்கே போயிருப்பேன், அக்கா வீடு வரைக்கும் போயிருப்பேன், சாயங்காலம் ஆறு மணிக்குத் திரும்பி வந்திருப்பேன். உன் மேல் கோபமில்லை என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், பொய் வரவில்லை. நீ போனதற்குக் கோபமில்லை, போன வழியை எனக்குக் காட்டாமல் போனாயே.

நேற்றுக் காலை முக்காலி போட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, அந்த ஜன்னல் வழியாகப் பின்சந்தில் இறங்கினேன். முழங்காலில் சிராய்ப்பு. மருந்து போட்டாயிற்று. முனை வரைக்கும் நடந்து முன்பக்கம் வந்தால் வாசல் உள்தாழ் போட்டிருக்கிறது, நானே போட்டது. என் வீட்டு வாசலில் விருந்தாளி மாதிரி நின்றேன். பக்கத்து வீட்டுக்காரி மறுபடியும் பூட்டிக்கிச்சா என்று ஓடி வந்தாள், இல்லை, திறந்துதான் இருக்கு என்றேன், அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

மூன்றாவது தலைப்புக்கு இதை எழுது. அவர் கம்பி போட்டுக்கொடுத்த எல்லா வீட்டிலும் ஆபத்துக்கு ஒரு வழி வைத்தார் என்று எழுது, குடும்பத்துக்காகவே வாழ்ந்தவர் என்றும் எழுது, இரண்டும் உண்மை. மனைவி அவருக்கு நிழலாக இருந்தாள் என்று மட்டும் எங்கேயும் சேர்த்துவிடாதே.

சீருடையில் இருக்கும் அப்பா படம் உன்னிடம்தான் இருக்கிறது, சங்கத்துக்கு மறக்காமல் அனுப்பு. குழந்தையைக் குளிரில் காதை மூடி அனுப்பு. மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருங்கள், அம்மாவின் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. லீவில் வரும்போது அந்த ஜன்னலில் எனக்கு ஒரு முறை ஏறி இறங்கிக் காட்டு, முதலில் எந்தக் காலை வைப்பதென்று இன்னும் பிடிபடவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா