அவர்கள் செய்த வண்டி, நீ எழுதிய ரிப்போர்ட்

அம்பிட்டிய,
ஞாயிறு காலை.

அன்பு மகள் கோமதிக்கு,

பிள்ளையார் புண்ணியத்தில் நானும் அப்பாவும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே சுகமாக இருக்க வேண்டும். அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைவு, மழைதான் விட்டபாடில்லை. போனில் பேசினால் கத்திவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

ரெண்டு நாள் லீவு போட்டு மடவளையில் தன் வீட்டுக்கு வந்திருக்கும் உன் கெம்பஸ் சிநேகிதி பாயிஸா நேற்று நம் வீட்டுக்கு வந்தாள். முதல் வருஷ இன்ஜினியரிங் பிள்ளைகள் தங்கள் கையாலேயே செய்து பழக வேண்டும் என்று கொடுத்த அந்தச் சின்ன மோட்டார் வண்டியைப் பற்றி நான்தான் பெருமையாகக் கேட்டேன். அவளுக்கு ஒளித்துப் பேசத் தெரியாது. "கோமதிட எழுத்து அழகுதானே ஆன்ட்டி, அவ ரிப்போர்ட் எழுதின, வண்டிய செஞ்சது மத்த நாலு பொடியன்மாரும்தான்" என்றாள். மார்க்ஸ் போட வந்த விரிவுரையாளர் சேர் கழன்ற வயர் ஒன்றைப் பொருத்தச் சொன்னபோது நீ கையைப் பிசைந்துகொண்டு நின்றாயாம், ஒருவன் குறுக்கே வந்து பொருத்தினானாம். அவளுக்கு ஊற்றிய தேத்தண்ணீரை நீட்ட மறந்து நின்றேன்.

"நாங்க செஞ்ச வண்டிக்குத்தான் முதலிடம்மா" என்று நீ சொன்னதை நம்பி, பல்லேகல கார்மென்ட் ஃபேக்டரியில் எங்கள் தையல் லைன் முழுக்க இனிப்புத் தொதல் கொடுத்தவள் நான். பத்தொன்பது வருஷமாக அங்கே தைக்கிறேன். மெஷின் நின்றால் கையைத் தூக்கிவிட்டு மெக்கானிக் வரும்வரை சும்மா இருக்க வேண்டும். ஒருமுறை நானே மூடியைக் கழற்றி, சிக்கிய நூலை எடுத்து ஓடவைத்தேன். சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் என்னை நிறுத்தி, தைக்கத்தான் உன்னை எடுத்தது, திறக்க இல்லை என்றார். உனக்கு அப்போது ஏழு வயது. என் பிள்ளை திறப்பாள் என்று நினைத்துத்தான் மறுநாளும் வேலைக்குப் போனேன். தொடாதே என்று எனக்குச் சொல்ல ஒரு ஆள் இருந்தார், உனக்கு யார் சொன்னது? எழுத்து அழகு என்றதும் பேனாவை வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாய்.

மார்க்ஸ் வந்துவிட்டதே, விடு என்கிறார் அப்பா. எனக்கு ஆறவில்லை. அடுத்த செமஸ்டரில் பம்ப் ஒன்றைக் கழற்றிப் பூட்ட வேண்டுமாம். ஸ்பேனரை நீ பிடி. பொடியன்மார் தராவிட்டால் சேரிடம் போய்க் குழுவை மாற்றித் தரக் கேள். பிழையாகப் பூட்டி மார்க்ஸ் குறைந்தாலும் ஏன் என்று கேட்க மாட்டேன். கையில் காயத்தோடு வந்தால் மருந்து போட்டுக் கட்டிவிடுகிறேன், இன்னொருவன் செய்ததற்கு வாங்கிய முதலிடத்தோடு மட்டும் இந்த வாசலுக்கு வராதே.

கோபத்தில் எழுதினாலும் உன் பெயரைச் சொல்லித்தான் விளக்கேற்றுகிறேன், ஒரு குறையும் உன்னை அண்டாமல் இருக்கட்டும். பாயிஸாவைக் கோபிக்காதே, நான் கேட்டுத்தான் சொன்னாள்.

உன்னைப் பெற்றவள்,
அன்னலட்சுமி