மடிப்பில் விடும் துணி

மீனாட்சிபுரம்
ஏப்ரல் 10

அன்பு ஜீவிதாவுக்கு, உன் நங்கை நர்மதா எழுதுவது.

இங்கே மனுசரும் மாடுகளும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. மாடுகள் சுகம். கடிதம் எழுதிப் பதினைந்து வருடம் ஆயிற்று, அரைப் பக்கத்திலேயே கை வலிக்கிறது. போனில் பேசலாம் என்றால் உன் வீட்டுக்காரன், என் அருமைத் தம்பி கௌசிக், என் போனை வாங்கி உன் நம்பரை என்னமோ செய்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். அதிலிருந்து உனக்கு அழைப்பே போக மாட்டேன் என்கிறது. அதனால் பால் சொசைட்டி அஞ்சுவிடம் இதைக் கொடுத்து விடுகிறேன். அவள் அக்காவைப் பார்க்கச் சனிக்கிழமைதோறும் திருப்பூர் வருகிறாள். பதிலையும் அவளிடமே கொடு. தபாலில் போட்டுவிடாதே. போஸ்ட்மேன் எல்லாவற்றையும் எங்கள் அம்மா கையில்தான் கொடுப்பார், அம்மா இப்போது முழுக்க மகன் கட்சி.

முதலில் அனு. பரீட்சை எல்லாம் நன்றாக எழுதினாள். கணக்கில் மட்டும் ஒரு பக்கத்தைத் திருப்பாமலே விட்டுவிட்டு வந்தாள், கேட்டால் அந்தப் பக்கம் ஒட்டிக்கொண்டிருந்ததாம். தினமும் தலை பின்னும்போது, "அம்மா எப்ப வரும் அத்தை?" என்று கேட்கிறாள். லீவு முடிவதற்குள் வந்துவிடும் கண்ணு என்று சொல்லி வைத்திருக்கிறேன். கௌசிக் உன் தையல் மெஷினைத் தூக்கி வாசலில் போட்ட அன்று, பிள்ளைக்குப் பரீட்சை முடியட்டும், நீ மட்டும் பத்து நாள் அண்ணன் வீட்டில் இருந்துவிட்டு வா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று உன்னை பஸ் ஏற்றிவிட்டது நான்தானே. பத்து நாள் நாற்பது நாளாகிவிட்டது. ஆனாலும் சொன்ன சொல் சொன்னதுதான், பார்த்துக்கொள்கிறேன்.

உன் தோட்டம் காயவில்லை. கிணற்றில் தண்ணீர் அடியில் கிடக்கிறது, மோட்டார் அரைமணி ஓடினால் காற்றுதான் வருகிறது. பால் கேன் கழுவுகிற தண்ணீரைப் பிடித்து வெண்டைக்கும் பாகலுக்கும் ஊற்றுகிறேன். விஷுக் கணிக்கு என்று நீ போட்ட வெள்ளரி மூன்று காய் பழுத்திருக்கிறது. ஒன்றை மாடு கடித்துவிட்டது, அது நான் கொட்டில் கதவைச் சரியாகச் சாத்தாததால். திட்டாதே.

மெஷினுக்கு பெல்ட் மாற்றினேன். நானே ஓட்டிப் பார்த்தேன். நேராகப் போகச் சொன்னால் அது பொள்ளாச்சி ரோடு மாதிரி வளைந்து வளைந்து போகிறது. நீ பக்கத்தில் இருந்திருந்தால் சிரித்தே செத்திருப்பாய். காலையில் மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது நெல்லியாம்பதி மலை தெரிகிறது. போன சித்திரையில் சித்தூர் காலேஜ் டீச்சர்கள் கூட்டத்தோடு என்னையும் இழுத்துப் போனாயே. சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, ரப்பர் செருப்போடு, பாதி வழியில் இனி என்னால் ஆகாது என்று பாறைமேல் உட்கார்ந்துவிட்டேன். நீ நெல்லிக்காயைக் கடிக்கக் கொடுத்துக் கூட்டிப் போனாய். புருசன் வீட்டிலிருந்து திரும்பி வந்து பதினோரு வருசமாக மாட்டுக் கொட்டிலுக்கும் அடுப்புக்கும் நடுவே நடந்தவளுக்கு, அவ்வளவு உயரத்திலிருந்து நம் ஊரைப் பார்த்தபோது அழுகை வந்துவிட்டது. உன்னிடம் கண்ணில் தூசி என்றேன். பொய்.

இனி முக்கியமான சங்கதி. போன ஞாயிற்றுக்கிழமை கௌசிக் ஒரு வக்கீலைக் கூட்டி வந்தான். நல்ல மனுசன் போல இருந்தார், மலையாளமும் தமிழும் கலந்து பேசினார், இரண்டு டம்ளர் மோர் குடித்தார். ஜீவிதாவுக்கு என்னவெல்லாம் இஷ்டம், நேரம் எப்படிப் போகும் என்று கேட்டார். எனக்கு வாய் நிற்குமா! மலை ஏறுவது, மெஷினில் உட்கார்ந்தால் சோறு குழைந்தாலும் தெரியாதது, அவரைப் பந்தலில் சாரைப்பாம்பு வந்தபோது அனு பயப்படாமல் நின்று பார்த்தது, எல்லாம் பெருமையாகச் சொன்னேன். எங்கள் வீட்டில் இப்படி ஒருத்தி வந்ததில்லை என்றேன். வியாழக்கிழமை கௌசிக் மூன்று பக்கம் டைப் அடித்த மலையாளக் காகிதம் கொண்டு வந்தான். "ஜீவிதா திரும்பி வர்றதுக்குத்தானுங்க்கா, சமாதானப் பேச்சுக்கு. போடுங்க" என்றான். எனக்கு பஸ் போர்டைத் தாண்டி மலையாளம் ஓடாது என்று உனக்குத் தெரியும். மலையாளச் சர்க்கார் ரேஷன் கடையிலும் பஞ்சாயத்திலும் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுத்தானே நம் தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லாம் வளர்ந்தோம். போட்டுவிட்டேன்.

ஆகவே நல்லது நடக்கும் போலிருக்கிறது. விஷு முடிந்து வந்துவிடு. ஒரு வெள்ளரியை உனக்கென்று எடுத்து வைக்கிறேன்.

நீ வரும் வழி பார்த்திருக்கும்,
நர்மதா

*

மீனாட்சிபுரம்
மே 24

ஜீவிதா,

அன்பு என்று போட்டு எழுத ஆரம்பித்து அடித்துவிட்டேன். அந்த வார்த்தையை எழுத எனக்கு இனி யோக்கியதை இல்லை. அஞ்சு உன் பதில் இல்லாமல் வெறுங்கையோடு வந்தாள்.

கோர்ட்டில் நீ என்னைப் பார்த்தாய். நான் கடைசிப் பதில் சொன்ன பிறகு நீ தலையை நிமிர்த்தவேயில்லை. அன்று நடந்ததை என் பக்கத்திலிருந்து ஒருமுறை கேட்டுவிடு. நியாயம் சொல்ல வரவில்லை.

காரில் போகும்போதுதான் கௌசிக் சொன்னான், நான் சாட்சி என்று. கையெழுத்து உங்களுடையதா என்று கேட்பார்கள், ஆமாம் என்று மட்டும் சொன்னால் போதும் என்றான். எதற்குச் சாட்சி, சமாதானம் என்றாயே என்றேன். கண்ணாடியில் என்னைப் பார்த்து, "மாத்திச் சொன்னீங்கன்னா நீங்க வேற ஊடு பாத்துக்குங்க. அனுவையும் கோயமுத்தூர் ஆஸ்டல்ல சேத்திருவேன்" என்றான். சின்னதில் என் இடுப்பில் இருந்த பயல். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னல் வழியே தென்னை மரத்தை எண்ணிக்கொண்டு வந்தார்.

கூண்டில் ஏறினேன். கையெழுத்து என்னுடையதா என்றார்கள். ஆமாங்க என்றேன். அதில் எழுதியிருப்பது உண்மையா என்றார்கள். ஆமாங்க என்றேன். அதற்கு அப்புறம்தான் உன் வக்கீல் எழுந்து அந்தக் காகிதத்தை ஒவ்வொரு வரியாக வாசித்து என்னைக் கேட்டார். அதில் என்ன இருந்தது என்று எனக்கு அப்போதுதான் தெரியும். குழந்தைக்குக் காய்ச்சல் கண்ட மறுநாளும் அந்நியரோடு காட்டுக்குப் போனாள். தையல் மெஷினில் உட்கார்ந்து அடுப்பைக் கவனிக்கவில்லை. ஆறு வயதுப் பிள்ளையைப் பாம்பு வரும் இடத்தில் விளையாட விட்டாள். பரீட்சை நேரத்தில் பிள்ளையைப் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

ஐயோ ஜீவிதா! அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. எல்லாம் அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வாய் ஓயாமல் சொன்னவை. மலைக்குப் போகிற அன்று பிள்ளையை நினைத்து நீ பின்வாங்கியபோது, காய்ச்சல் விட்டுவிட்டது, அம்மா பார்த்துக்கொள்வார், நீ வராவிட்டால் நானும் போகமாட்டேன் என்று உன்னைக் கட்டாயப்படுத்தியது நான். அடுப்பைக் கவனிக்காததற்குக் காரணம் அன்று என் முறை. பிள்ளையை விட்டுவிட்டுப் போ என்றதும் நான். அதையெல்லாம் சொல்ல வாயைத் திறந்தேன். ஆமாம் இல்லை என்று மட்டும் சொல்லுங்கள் என்று கௌசிக்கின் வக்கீல் எழுந்து நின்றார், என் வீட்டு மோரைக் குடித்த அதே ஆள்.

உன் வக்கீல் நல்லவர். நான் விழிப்பதைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. கடைசியாக மெதுவாக, தமிழிலேயே கேட்டார். அம்மா, கையெழுத்துப் போடும்போது இதில் என்ன எழுதியிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா, பயப்படாமல் சொல்லுங்கள் என்றார். எனக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். தெரியாதுங்க. அந்த ஒரு சொல்தான் வேண்டியிருந்தது. நீ என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் கௌசிக்கைப் பார்த்தேன். தெரியுமுங்க என்றேன்.

அவ்வளவுதான். ஐந்து எழுத்தோ ஆறு எழுத்தோ, அதில் உன் பிள்ளை போய்விட்டது.

அனு அப்பாவிடமே இருக்கட்டும் என்று தீர்ப்பு வந்த அன்று அம்மா பாயசம் வைத்தார். நான் மாட்டுக் கொட்டிலிலேயே இருந்தேன். மாதம் ஒரு சனிக்கிழமை, கோர்ட்டு அறையில், ஒரு மணி நேரம் நீ அனுவைப் பார்க்கலாம் என்று இருக்கிறதாம். அதைத் தடுக்கவும் கௌசிக் இப்போதே வழி பார்க்கிறான். பிள்ளைக்குச் சளி என்று ஒரு டாக்டர் சீட்டு போதும் என்று போனில் யாரிடமோ சிரித்துக்கொண்டே சொன்னான்.

நான் மறுபடி வந்து உண்மையைச் சொன்னால் மேல்கோர்ட்டுக்குப் போகலாம் என்று உன் வக்கீல் சொன்னதாக அஞ்சு சொன்னாள். மூன்று நாள் யோசித்தேன். சொன்னால் அன்றைக்கே நான் வெளியே, அனு ஆஸ்டலில். அப்போது அவள் தலையை யார் பின்னுவார்கள்? அதற்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அது நிஜமா, போக்கிடம் இல்லாதவளின் சாக்கா என்று எனக்கே தெரியவில்லை. சாக்காகத்தான் இருக்கும். என்னை நீ திட்டலாம், எத்தனை வேண்டுமானாலும்.

தோட்டம் போய்விட்டது. பந்தலைப் பிரித்துக் கம்பெல்லாம் அடுப்புக்கு வைத்துவிட்டார் அம்மா, வெண்டைப் பாத்தியில் மாடு கட்டியிருக்கிறார்கள். மெஷினைப் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டாயிற்று. நீ அங்கே பனியன் கம்பெனியில் நாள் முழுக்கத் தைக்கிறாய் என்று அஞ்சு சொன்னாள். இங்கே ஆசைக்குத் தைத்ததைக் குற்றம் என்றார்கள், அங்கே அதைத்தான் வயிற்றுப்பாட்டுக்குச் செய்கிறாய். எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

அனுவைப் பற்றி எழுதாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் உன்னை மலைக்குப் போனவள் என்று பேசுகிறார்கள் அல்லவா, அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். முந்தாநாள் காலையில் மாடிக்கு வந்து, "அம்மா அங்கயா இருக்குது?" என்று மலையைக் காட்டினாள். அங்கே இல்லை சாமி, திருப்பூரில் என்றேன். நம்பவில்லை. மலையைப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டுத்தான் கீழே இறங்கினாள். இப்போது தினமும் ஆட்டுகிறாள். நான் தடுப்பதை விட்டுவிட்டேன்.

இந்தப் பையில் பள்ளிக்கூடத்தில் கொடுத்த யூனிபார்ம் துணி இருக்கிறது, இரண்டு ஜோடிக்கு. வருடா வருடம் மே மாதம் நீதானே தைப்பாய். டெய்லரிடம் கொடுக்கலாம் என்றார் அம்மா, கொடுத்துவிட்டேன் என்று பொய் சொல்லியிருக்கிறேன். அளவுக்கு அவளுடைய பழைய சட்டையும் பாவாடையும் வைத்திருக்கிறேன். துவைக்கவில்லை, வேண்டுமென்றுதான். பழைய அளவை அப்படியே வைக்காதே. தோள் ஒரு விரல் அகன்றிருக்கிறது, உயரம் நான்கு விரல் கூடியிருக்கிறாள். ஸ்கூல் திறப்பதற்கு முந்தின சனிக்கிழமை அஞ்சு வந்து வாங்கிக்கொள்வாள். யார் தைத்தது என்று அனுவிடம் மட்டும், காதில், சொல்லிவிடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுதல். எப்போதும் கீழ் மடிப்பில் ஓர் அங்குலம் துணி விட்டுத் தைப்பாய். இந்த முறை எவ்வளவு முடியுமோ அவ்வளவு விடு. பக்கத் தையலிலும், கையிலும் உள்ளே மடித்து விடு. கனமாக இருந்தாலும் பரவாயில்லை. மெஷின் போனால் என்ன, பிரித்துவிட ஊசியும் நூலும் போதும், அது நீ சொல்லிக் கொடுத்ததுதான். அவள் வளர வளர நான் ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்து விடுகிறேன். நிறைய விடு ஜீவிதா. எத்தனை வருடத்துக்கு என்று மட்டும் என்னைக் கேட்காதே.

நீ எங்கிருந்தாலும் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும்.

உன் பிள்ளைக்கு அத்தை,
நர்மதா