செம்பனைக்குப் பின்னால் ஒரு மேகம்

மார்கழிக் கடைசியில் ஒருநாள் காலை ஜன்னலைத் திறந்ததும் புளித்த கள்ளு வாசனை வீட்டுக்குள் வந்தது. லிங்கி சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த எண்ணெய்த் தோட்டத்துச் செம்பனைகளைச் சாய்த்துத் துண்டு போட்டிருந்தார்கள். வெட்டுண்ட மரம் வெயில் பட்டால் இப்படித்தான் புளிக்கும். "ஏங்க, வெட்டிட்டாங்க, ஓடி வாங்க" என்று நீ கத்தியிருக்க வேண்டிய காலை அது. தீபாவளிக்கு நீ இல்லை. பொங்கலுக்கு மரங்கள் இல்லை. எனக்கு வருகிற கோபத்தை யார் மேல் காட்டுவதென்று தெரியவில்லை.

போர்டிக்சன் ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் படம் எடுத்துக்கொண்டிருந்தவள், ஒருநாள் நிலாவைப் படம் எடுக்கப்போகிறேன் என்று வந்து நின்றாய். கட்டிய புருஷன் சிரிக்காமல் என்ன செய்வான்? "நிலாகிட்ட கண்ண சிமிட்டாதீங்கன்னு சொல்லத் தேவையில்ல லா" என்றாய். பழைய தொலைநோக்கி ஒன்றை வாங்கி அதன் முனையில் காமிராவை மாட்டினாய். நிலாவின் குழிகள், வியாழனின் துணைக்கோள்கள் என்று ஒவ்வொன்றாக வீட்டுக்கு வந்தன. சனியின் வளையம் கிடைத்த அன்று, "சனி புடிச்சிருக்குன்னு பயப்படுறீங்களே, எவ்வளவு அழகா இருக்கு பாருங்க" என்று என்னை விடாமல் கிண்டல் செய்தாய்.

மங்கலான நட்சத்திரக் கூட்டங்களைப் பிடிக்க நிலா இல்லாத வானம் வேண்டும். அமாவாசை தவறாமல் கறுப்புத் துணி, முக்காலி, பெட்டி என்று நாம் மோட்டார் சைக்கிளில் கிளம்பியதைப் பார்த்து, சூனியம் வைக்கத்தான் போகிறோம் என்று தாமான் குடியிருப்பு முழுக்கப் பேச்சு. பக்கத்து வீட்டம்மா வேலியில் எலுமிச்சம்பழம் கட்டினார். "பழம் வீணாப் போவுதுக்கா, குடுங்க, ஜூஸ் போட்டுத் தர்றேன்" என்று நீ போய்க் கேட்டதில் அவரே சிரித்துவிட்டார்.

தலைக்கு மேலே வந்ததையெல்லாம் தோட்டத்து மண் சாலையின் இடைவெளியிலேயே பிடித்துவிட்டாய். கிடைக்காதது ஒன்றுதான். மெகல்லன் மேகம். மேகம் என்று பெயர்தானே தவிர, அது நம் பால்வீதிக்குப் பக்கத்தில் இருக்கும் இன்னொரு நட்சத்திரக் கூட்டம். தை மாதத்து முன்னிரவில் தெற்கே தாழ்வாக வரும். தெற்கே செம்பனை மட்டைகள் சுவர் வைத்தாற்போல் நின்றன.

தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் தம்பி வருடா வருடம் அதே செய்தியைக் கொண்டுவருவார். "கம்பெனி சொல்லிட்டாங்கக்கா, அடுத்த வருசம் கண்டிப்பா மரத்த சாய்ச்சிருவாங்க." நீயும் அடுத்த தைக்கு நாள் பார்ப்பாய். போர்டிக்சன் கடற்கரையில் ஹோட்டல் வெளிச்சம் கண்ணைக் கூசவைத்தது. கிழக்குக் கரையில் இருட்டான மெர்சிங் வரை காரில் போய்வரலாம் என்றேன். "நா பொறந்த எடம் இது. இங்கேருந்து எடுக்காம அங்க போயி எடுக்கணுமா?" என்றாய். அந்தப் பிடிவாதம் எனக்கும் பிடித்திருந்தது, அதனால் நானும் காத்திருந்தேன். மரங்கள் எங்கே போய்விடும், நாம்தான் எங்கே போய்விடுவோம் என்று இருந்துவிட்டோம். உனக்கு நெஞ்சு வலித்த அன்று ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் அந்த மரங்கள் நின்றுகொண்டுதான் இருந்தன. கையைப் பிடித்து இழுத்தாவது உன்னை மெர்சிங்குக்குக் கூட்டிப்போயிருக்கலாம் என்று இப்போது தினமும் நினைக்கிறேன்.

நேற்று தை அமாவாசை. காலையில் நம் மகன் போர்டிக்சன் கடலில் உனக்காக எள்ளும் தண்ணீரும் விட்டான். இருட்டியதும் உன் காமிராவை எடுத்துக்கொண்டு நான் தோட்டத்துக்குப் போனேன். கேட்டருகே நின்ற மண்டோர் தம்பி என் மோட்டாரின் பின்சீட்டைப் பார்த்தார்.

"அண்ணே, கம்பெனி சொன்னதத்தான் நானும் சொன்னேன். அக்காகிட்ட பொய் சொல்லலண்ணே."

"தெரியும் தம்பி" என்றேன். அவரும் கூடவே வந்து, டார்ச்சை அணைத்துவிட்டு நின்றார்.

தெற்கே ஒரு மரம்கூட இல்லை. உன் கை செய்வதைப் பார்த்துப் பழகிய பழக்கத்தில் முக்காலியை ஊன்றிக் காமிராவைத் திருப்பினேன். முதல் படத்தில் கை பட்டு எல்லாம் கலங்கிப்போனது. அடுத்ததில், சின்னத் திரையின் நடுவே வெள்ளையாக ஒரு தீற்றல்.

"இதுக்கா அக்கா இத்தன வருசம் காத்திருந்தாங்க?"

"இதுக்குத்தான்" என்றேன்.

நான் ஒருநாளும் வானத்துக்காக வந்தவனில்லை. படம் விழுந்ததும் அந்தத் திரை வெளிச்சத்தில் உன் முகம் மலருமே, அதைப் பார்க்கத்தான் முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். நிலாவுக்கு மலர்ந்த முகம் என்னிடம் இருக்கிறது. சனிக்கு மலர்ந்ததும், வியாழனுக்கு மலர்ந்ததும் இருக்கின்றன. இந்தப் படத்துக்கு அது எப்படி மலர்ந்திருக்கும் என்பது மட்டும் எனக்கு இனி தெரியப்போவதில்லை.