ஜன்னலில் ஒரு பந்து

மார்ச் 4

என்னங்க,

நலம்தானே? பதில் எழுத உங்களுக்குக் கை வலிக்கும், தெரிந்ததுதான். நானாவது எழுதுகிறேன்.

கோளரங்கத்தில் எனக்குப் புது வேலை. சூரியன் எவ்வளவு பெரிசு, எவ்வளவு தூரம் என்று வருகிறவர்களுக்குப் புரியவைக்க வேண்டும். கோடி, லட்சம் கோடி என்று சொன்னால் தலையாட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுகிறார்கள். அதனால் வாசலில் ஒரு கால்பந்தை வைத்தேன். அது சூரியன். அங்கிருந்து மரத்தடி வரை நடக்கவைத்து, உள்ளங்கையில் ஒரு கடுகை வைத்து, "இதுதாங்க பூமி" என்பேன். நீங்கள் என்னைக் கடுகு என்று கூப்பிடுவது நினைவுக்கு வந்து சிரிப்பை அடக்க முடியாது.

"அடுத்த நட்சத்திரம் எங்கம்மா?" என்று ஒருவர் கேட்டார். கணக்குப் போட்டேன். இன்னொரு பந்து, கடல் தாண்டி, நீங்கள் இருக்கும் ஊர்ப் பக்கம் வருகிறது! உங்கள் ஜன்னலில் ஒன்று வையுங்களேன். இல்லாததை இருக்கிறது என்று சொல்ல எனக்கு வராது.

விடுமுறைக்காவது வருவீர்களா?

உங்கள் கடுகு


ஏப்ரல் 11

அன்புள்ள கடுகு,

உன் பைத்தியத்துக்கு அளவே இல்லை. பந்து வாங்கி ஜன்னலில் வைத்துவிட்டேன், போதுமா? கப்பல் பட்டறையில் வேலை கழுத்தை நெரிக்கிறது. விடுமுறை சந்தேகம்தான். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் கணவன்


ஏப்ரல் 30

என்னங்க,

இப்போதெல்லாம், "அடுத்த பந்து எங்க வீட்டுக்காரர் ஜன்னல்ல இருக்குங்க" என்றுதான் முடிக்கிறேன். கூட்டம் கப்சிப் ஆகிவிடுகிறது. அப்போதுதான் அவர்களுக்குத் தூரம் புரிகிறது. நேற்று ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவ்ளோ தூரத்துலயா விட்டு வச்சிருக்கே?" என்று கேட்டார்.

பந்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள்.

உங்கள் கடுகு


ஜூன் 9

கடுகு,

படம் எடுக்க முடியவில்லை. பந்து ஜன்னலில் இல்லை. இந்த வீட்டில் ஒரு குழந்தை இருக்கிறது, மூன்று வயது. பந்தைக் கட்டிக்கொண்டுதான் தூங்குகிறது. வாங்கப் போனால், "அப்பா, என்னோடது" என்று அழுகிறது.

ஆமாம், என்னைத்தான் அப்பா என்கிறது. இதற்கு மேல் எப்படி எழுத? அதன் அம்மாவை விட்டுவிட்டு என்னால் வர முடியாது.


ஜூன் 28

வணக்கம்.

நாலைந்து நாள் வேலைக்குப் போகவில்லை. அழுதேன், வேறென்ன?

பாடப்புத்தகப் படத்தில் கோள்கள் தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கும். எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் அடக்க வேண்டுமே! அதை நம்பாதீர்கள் என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிறவள், நம் இருவரையும் ஒரே பக்கத்தில் வரைந்து வைத்துக்கொண்டிருந்தேன்.

உங்களை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்தக் குழந்தையிடமிருந்து பந்தைப் பிடுங்க வேண்டாம்.

இன்று மறுபடி வாசலில் நின்றேன். அடுத்த பந்து எங்கே என்று வழக்கம்போல் கேட்டார்கள். "கடல் தாண்டி, ஒரு குழந்தை கையில இருக்குங்க" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். தூரம் யாருக்கும் புரியவில்லை.

இப்படிக்கு,
கோளரங்கத்தில் வேலை செய்பவள்